கேன், குட், மே, மஸ்ட்... ஆங்கில மோடல் வெர்ப்களை எப்படிப் புரிந்துகொண்டு பழகுவது?

அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனாலும் பேசும்போது எது எங்கே வரும் என்று தெரியவில்லை, ஷால் எல்லாம் இன்னும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்த அட்டவணையோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவன்தான். ‘கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மறுநாள் ஒரு சின்னக் கூட்டம். மேலாளர் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை, நாங்களே பார்த்துக்கொள்வோம். ‘நீங்கள் வர வேண்டாம் சார்’ என்று மனதில் தமிழில் ஓடியது. கை, ‘யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ’ என்று மெயிலில் தட்டியது. ஐந்து நிமிடத்தில் போன். “ஏம்பா, நான் வந்தா என்ன?”

நான் எழுதியதற்குப் பொருள் ‘நாளைக்கு நீங்கள் வரக் கூடாது’. எழுதியிருக்க வேண்டியது ‘யூ டோன்ட் ஹாவ் டு கம்’. மஸ்ட், ஹாவ் டு இரண்டும் நேர்வாக்கியத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எதிர்மறையில் ஒன்று தடை, இன்னொன்று விடுமுறை. நம்முடைய ‘வேண்டாம்’ சமயத்துக்கு ஏற்ப இரண்டு வேலையையும் பார்த்துவிடுவதால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. நாம் தடுக்கி விழுவது பெரும்பாலும் தமிழில் ஒரே வடிவம் இரண்டு பொருள் தரும் இடங்களில்தான். மற்ற இடங்களில் தானாகவே சரியாக வந்துவிடும். அதனால் அட்டவணையை மூடி வைத்துவிட்டு இந்த இரட்டைப் பொருள் இடங்களை மட்டும் பிடியுங்கள்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘அவன் சாவியை எடுத்துப் போயிருக்க வேண்டும்.’

மேஜையில் சாவி இல்லை, தேடிப் பார்த்துவிட்டு இதைச் சொன்னால் அது ஊகம்: ‘ஹி மஸ்ட் ஹாவ் டேக்கன் த கீ.’ சாவி மேஜையிலேயே கிடக்கிறது, அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னால் அது குறை: ‘ஹி ஷுட் ஹாவ் டேக்கன் த கீ.’ தமிழில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆங்கிலத்தில் சாவி இருக்கிறதா இல்லையா என்பதே துணைவினையில் தெரிந்துவிடுகிறது.

‘எடுத்துப் போயிருக்கலாம்’ என்பதும் அப்படித்தான். ஒருவேளை எடுத்துப் போனானோ என்னவோ என்றால் ‘மே ஹாவ்’. எடுத்துப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், செய்யவில்லையே என்றால் ‘குட் ஹாவ்’. குட் ஹாவ் ஊகத்துக்கும் வரும், ஆனால் மே ஹாவில் இந்த ஆதங்கத்தைச் சொல்ல முடியாது. ‘எடுத்துப் போயிருக்க முடியாது’ என்று அடித்துச் சொல்ல ‘கான்ட் ஹாவ்’. இந்த ஐந்தையும் ஒரே சாவியை வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதி பயம் போய்விடும்.

இன்னொரு இடம் ‘முடிந்தது’. ஒரு காலத்தில் இருந்த திறமைக்கு குட் சரி: ‘ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் ஃபைவ்.’ ஆனால் நேற்று ஓடிப்போய்க் கடைசி ரயிலைப் பிடிக்க முடிந்தது, அதாவது ஒரு தடவை ஒரு காரியம் கைகூடியது என்றால் ‘ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் இட்’ என்பதே இயல்பு. பிடிக்க முடியவில்லை என்றால் கவலை இல்லை, ‘குடன்ட்’ இரண்டுக்கும் போதும்.

அப்புறம், தமிழ் காலை வாருகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள், கை கொடுக்கிற இடங்களும் உண்டு. ‘அப்போதெல்லாம் தாத்தா தினமும் கதை சொல்வார்’ என்கிறோம். பழைய கதைக்கு எதிர்கால வினை! ஆங்கிலத்தில் அந்த ‘சொல்வார்’ தான் வுட்: ‘ஹி வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ்.’ கதவு மக்கர் செய்தால் ‘திறக்க மாட்டேன் என்கிறது’ என்போம், அவர்களும் ‘த டோர் வோன்ட் ஓப்பன்’ என்பார்கள். கதவுக்கும் பிடிவாதம் உண்டு என்பதில் இரண்டு மொழிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ‘உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது’ என்று இறந்தகாலத்தில் பேசிப் பணிவு காட்டுகிறோமே, கேன் யூ என்பதைவிட குட் யூ பணிவாகக் கேட்பதும் அந்த மாதிரிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது கேன். பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வினைக்குத் ‘தெரியும்’ என்று பொருள். ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதை ‘ஐ நோ ஸ்விம்மிங்’ என்று சொல்லித் திட்டு வாங்கியிருப்பீர்கள். அடுத்த முறை அந்தத் ‘தெரியும்’ வரும்போதே கேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஹி கேன்ஸ் என்று எஸ் சேராததற்கும் காரணம் உண்டு. கேன், மே, ஷால் போன்றவை மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலப் பொருளுக்கு மாறியவை. இறந்தகால வடிவத்தில் அந்த எஸ் ஒட்டாது. குட் என்ற சொல்லில் ஓசையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எல் எழுத்து, வுட், ஷுட் இரண்டையும் பார்த்து பின்னாளில் வந்து சேர்ந்தது.

சரி, பயிற்சி. கோடிட்ட இடத்தை நிரப்புக வகைப் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘இட் டேஷ் ரெயின் டுநைட்’ என்று கொடுத்தால் மே, மைட், குட், வில் எல்லாமே பொருந்தும். சூழல் தெரியாமல் விடை ஏது?

பதிலாக ஒரு சூழலை எடுத்துக்கொள்ளுங்கள். தோழி போனை எடுக்கவில்லை. வழக்கமாக வண்டி ஓட்டும் நேரம் என்றால் ‘ஷி மஸ்ட் பி டிரைவிங்.’ உறுதியாகத் தெரியாது என்றால் ‘ஷி மே பி ஸ்லீப்பிங்.’ போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாலும் போயிருப்பாள் என்றால் ‘ஷி மைட் ஹாவ் லெஃப்ட் இட் அட் ஹோம்.’ காலையில்தான் சிரித்துப் பேசினாள் என்றால் ‘ஷி கான்ட் பி ஆங்ரி.’ பேப்பரில் எழுதாமல் வாயால் சொல்லுங்கள். தினமும் ஒரு சூழல் போதும், கூடவே அன்றைய நாளில் நீங்கள் வருந்திய ஒரு விஷயத்துக்கு ஒரு ஷுட் ஹாவ்.

சொல்லும்போது ‘ஷுட் ஹாவ்’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டாம், வேகத்தில் அது ‘ஷுடவ்’ தான். ஆங்கிலமே தாய்மொழியானவர்களில் சிலர்கூட அந்த ஓசையை நம்பி ‘ஷுட் ஆஃப்’ என்று தப்பாக எழுதிவிடுவார்கள்.

ஷால் பற்றிக் கேட்டீர்களே. ஐ, வீ இரண்டுக்கும் ஷால்தான் போட வேண்டும் என்ற பழைய விதியை இன்றைய பேச்சில் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, வில் போதும். ‘போகலாமா?’ என்று எழுந்து நிற்கும்போது மட்டும் ‘ஷால் வீ கோ?’ என்று கேளுங்கள்.