வாசகர் கேள்வி – பதில்: கரையைக் கடக்கும் கோடு

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய என் சின்ன மாமனார், நவஹோ பழங்குடியினர் நெய்த கம்பளி விரிப்பு ஒன்றை எங்கள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கிறார். சிவப்பு நிலத்தில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறச் சாய்சதுரங்கள். மேல் மூலையில் மட்டும் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று கறுப்புக் கரையை ஊடறுத்து விளிம்பு வரை ஓடுகிறது. நெசவுப் பிழை என்று எண்ணி, கறுப்பு நூல் கோத்து அதை மறைத்துவிடலாம் என்கிறார் ஆச்சி. மறைக்கலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம், அந்தக் கோட்டின் மேல் ஊசி படவே கூடாது என்று ஆச்சியிடம் சொல்லுங்கள். அது நெய்தவர் அறிந்தே விட்ட வழி. நாற்புறமும் கரை கட்டி நெய்யும்போது தம் எண்ணமும் கைத்திறனும் அதற்குள் அடைபட்டுவிடாமல் அடுத்த விரிப்புக்கும் வந்து சேர வேண்டும் என்பதற்காக, உள்ளிருக்கும் நிறம் ஒன்றை விளிம்பு வரை கொண்டுசெல்வது நவஹோ நெசவாளர் பலரின் வழக்கம். அவர்களுக்கு நெசவைக் கற்பித்தவள் சிலந்திப் பெண் என்னும் தெய்வம். அரிசோனாவின் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் நெடிதுயர்ந்து நிற்கும் சிலந்திப் பாறையை அவளுடைய இருப்பிடமாகவே போற்றுகிறார்கள்.

நம் காரைக்குடியில் கண்டாங்கி நெய்யும் தறியில், ஊடை என்னும் குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரே வீச்சில் ஓடுகிறது. கட்டங்களின் கணக்கில் பாதி, பாவு என்னும் நெடுக்கு நூலிலேயே தீர்ந்துவிடுகிறது. நவஹோ தறியிலோ பாவு முழுவதும் ஊடைக்குள் மறைந்துவிடுவதால், உருவம் அனைத்தும் ஊடையிலேயே பிறந்தாக வேண்டும். நிமிர்ந்து நிற்கும் அத்தறியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு நிறத்தையும் அதற்குரிய இடம் வரை விரலால் செலுத்தி, அங்கேயே திருப்பி, மரச்சீப்பால் இறுகத் தட்டுகிறார்கள். வரைபடம் ஏதும் வைத்துக்கொள்ளாமல் கணக்கை மனத்திலேயே வைத்து நெய்வது மரபு. அப்படி நெய்பவர் கரையில் தவறிப்போய் இப்படி நேரான கோட்டை விட்டிருப்பார் என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை.

தாங்கள் சொல்லும் நிறங்கள், அரிசோனாவின் கனாடோ என்னும் ஊரின் பெயர் தாங்கிய கனாடோ பாணிக்குரியவை. 1864-இல் அமெரிக்கப் படையினரால் சொந்த மண்ணைவிட்டு நடத்திச் செல்லப்பட்ட நவஹோ மக்கள், 1868-இல் உடன்படிக்கைக்குப் பின் ஊர் திரும்பினர். 1878-இல் கனாடோவில் கடையை வாங்கிய ஹபெல் என்ற வணிகர் ஊக்குவித்ததால் இப்பாணி பெயர்பெற்றது. இதில் சிவப்பு சாயத்தால் வருவது. சாம்பலை, வெள்ளை ஆட்டு மயிரையும் கறுப்பு ஆட்டு மயிரையும் சேர்த்துச் சிக்கெடுத்தே பெறுவர்.

விரிப்பை இறக்கும்போது மேல், கீழ் ஓரங்களைப் பாருங்கள். ஒரே நூலை அறுக்காமல் சுற்றிப் பாவு அமைப்பதால், மரபான விரிப்பில் பெரும்பாலும் குஞ்சம் இராது. பின்புறத்தையும் பாருங்கள், அங்கும் அந்தக் கோடு அதே கரையைக் கடந்து விளிம்பைத் தொட்டிருக்கும்.