வீராவில் தீக்குழாய் கிட்: பிளக் பொறிகிறது, தீ வரவில்லை

புரோட்டான் வீரா காரின் புகைக்குழாயில் தீ கக்க வைக்கும் கிட் போட்டும், பிளக் பொறிகிறதே தவிர தீ வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கிட்டின் சுவிட்சை அழுத்தினால் தீ வராது தம்பி, மிதித்தபடியே அழுத்துங்கள். உங்களுடையது இன்ஜெக்ஷன் வீரா என்கிறீர்கள். ஓட்டத்தில் காலை எடுத்ததும் இசியூ (இன்ஜின் கணினி) பெட்ரோலை நிறுத்திவிடும், அப்புறம் குழாய் முனையில் பிளக் எவ்வளவு பொறிந்தாலும் பற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

நியூட்ரலில் 3000 ஆர்பிஎம் பிடித்து அழுத்திப் பாருங்கள். எரியாத பெட்ரோல் குழாய்க்குப் போக, கிட் இன்ஜினின் இக்னிஷன் காயிலை நொடி நேரம் வெட்ட வேண்டும். இன்ஜின் தடுமாறவே இல்லையென்றால் அது வெட்டவில்லை, வயரிங்கைப் பாருங்கள். தடுமாறி, பெட்ரோல் வாடையும் வந்தால் குழாய் முனை பிளக்கின் எர்த் இணைப்பைப் பாருங்கள்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து இந்த வேலையையே விட்டுவிடுங்கள், எரியாத பெட்ரோல் அதற்குள்ளேயே எரிந்து உருக்கிவிடும். கொண்டோ பார்க்கிங்கில் சோதிக்கவே வேண்டாம், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். கேஎல் (கோலாலம்பூர்) சாலையில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கண்ணில் பட்டால் சம்மன்தான்.