எந்தச் சாலைக்கு முதலில் தார்?

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் குண்டும் குழியுமாகக் கிடக்கும் சாலையை விட்டுவிட்டு, ஓரளவு நன்றாகவே இருக்கும் சாலைக்குப் புதிதாகத் தார் போடுகிறார்கள். இது பகல் கொள்ளை அல்லவா?
– வாசகர், மணப்பாறை

பதில்: கொள்ளையாகவும் இருக்கலாம், முறையான பராமரிப்பாகவும் இருக்கலாம். தார்ச்சாலை ஒரே மழையில் பாழாவதில்லை. முதலில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். அப்போதும் பார்வைக்குச் சாலை நன்றாகவே இருக்கும். அவற்றின் வழியே நீர் இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகையை இளக்கிவிட்டால், பாரம் ஏற்றிய லாரிகள் விரைவிலேயே அதைப் பள்ளமாக்கிவிடும். விரிசல் நிலையில் மெல்லிய தார்ப்பூச்சோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, அதன்பின் தோண்டியெடுத்து அடியிலிருந்து போட வேண்டிய வேலையாகிப் பல மடங்கு செலவை இழுக்கிறது. மிக மோசமான சாலைக்கே எப்போதும் முதலிடம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், நிதி அளவாகவே வரும் ஒன்றியத்தில் அதை அப்படியே கடைப்பிடித்தால் நல்ல சாலைகளும் ஒவ்வொன்றாக மோசமானவற்றின் வரிசையில் சேர்ந்துவிடும்.

இதையே அதிகாரிகள் சாக்காகச் சொல்லித் தப்பவும் முடியாது. பிரதம மந்திரி கிராமச் சாலைகள் திட்டத்தில் சாலையின் நிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். சிரமமின்றி மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் வண்டி ஓட்ட முடிந்தால் 5, 10 கி.மீ. வேகத்தைக்கூட எட்ட முடியாவிட்டால் 1. (ஓட்டுநரின் துணிச்சலுக்கும் இதில் மதிப்பெண் விழுந்துவிடும் என்பது வேறு விஷயம்.) இதனுடன், பேருந்து ஓடுகிறதா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதுவே ஒரே வழியா, குடிநீர்க் குழாய் பதிக்க மறுபடியும் தோண்டப் போகிறார்களா என்பவற்றையும் பார்த்தே முன்னுரிமையை முடிவு செய்ய வேண்டும். அமைச்சர் வரும் வழி என்பது இவற்றில் எதிலும் அடங்காது. தங்கள் சாலையை முழுமையாகப் புதுப்பிக்க அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தாலும், அதிலுள்ள பள்ளங்களை நிரப்புவதற்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. இரு சக்கர வாகனத்தில் செல்வோர் விழுவது அந்தப் பள்ளங்களில்தான்.

ஆகவே, அடுத்த கிராம சபையில் "எங்களுக்கு எப்போது தார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஒன்றியப் பொறியாளரின் முன்னுரிமைப் பட்டியலைக் கேளுங்கள்: இரு சாலைகளையும் எந்தத் தேதியில் ஆய்வு செய்தார்கள், என்ன மதிப்பெண் இட்டார்கள், பட்டியலின் வரிசை இடையில் மாறியிருந்தால் யாருடைய உத்தரவில் மாறியது. எழுத்து மூலமான பதில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே மூன்று கேள்விகளையும் மனுவாக அனுப்புங்கள்.