ஆயாவும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க

ஃபீனிக்ஸிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். ஆயா சீரியல் போட்டால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள், அவர்களுக்குத் தமிழும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். டர்பனில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

முதலில் 'காக்கா முட்டை' (2015) போடுங்கள். பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு சிறுவர்கள். விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்து அவர்களுடைய பாட்டி தோசைக்கல்லிலேயே ஒன்றைச் சுட்டுக் கொடுக்கும் இடத்தில், என் அம்மா சோபாவின் நுனிக்கே வந்துவிட்டார். என் மகன் சப்டைட்டிலை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தான். மறுநாள் காலை எங்கள் சமையலறையிலும் அதே தோசை! ஒன்று மட்டும்: படத்தில் அந்தப் பாட்டி இறந்துபோவார். ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் 'திருவிளையாடல்' (1965). முழுப்படமும் பிள்ளைகளுக்கு நீளம். நாகேஷ் தருமியாக வந்து புலம்பும் பகுதியை மட்டும் போட்டு, ஆயாவையே விளக்கச் சொல்லுங்கள்.

சீரியலை நிறுத்த வேண்டாம். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதையான 'மெட்டி ஒலி' எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் 800 எபிசோடுக்கு மேல் போகிறது, பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். அதை வார நாளில் ஆயா தனியாகப் பார்க்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் ஒரு படம். சப்டைட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.