கருத்தரங்குக்குப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான்கு வருடமாகப் பிறந்தநாள் விழாக்களுக்கு அலங்காரம் செய்து தருகிறேன். செய்வதைப் படம் எடுத்து, எப்படிச் செய்தேன் என்று எழுதியும் வருகிறேன். விழா ஏற்பாட்டாளர்களும் என்னைப் போல் கைவேலை பற்றி எழுதுகிறவர்களும் கூடும் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்று வரப்போகிறது. போகலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாகக் குழப்பம். கட்டணம் எனக்குப் பெரிய தொகை. உரைகளையெல்லாம் பிறகு வீடியோவாகத் தருவார்களாம். வருகிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள், நான் வெறும் பலூன் கட்டுகிறவள். கூட்டத்தில் யாரிடமும் வலியப் போய்ப் பேச எனக்கு வராது. என்ன உடுத்துவது, விசிட்டிங் கார்டு எத்தனை அடிப்பது, ஸ்பான்சர் கம்பெனிக்காரர்களிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றெல்லாம் சொல்லுங்கள்.

இன்னொன்று. பலூன் செய்முறை வகுப்பும் ஃபோட்டோ வகுப்பும் ஒரே நேரத்தில் வைத்திருக்கிறார்கள். நான் விழா தொடங்கும் முன்பே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், பிரிக்கிற வேலையை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். அதனால் எனக்கு ஃபோட்டோ வகுப்புதான் பயன்படும் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து?

எம்.

அன்புள்ள எம்,

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவாகவே பதில் சொல்கிறேன், நடுவில் திட்டு விழுந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போங்கள். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் இந்த முறை விட்டுவிடுங்கள், இப்படிப்பட்ட கூட்டங்கள் திரும்பவும் வரும். பணம் இருக்கிறது, மனம்தான் வரவில்லை என்றால் போய்த்தான் ஆக வேண்டும். மேடையில் பேசுவதை வீடியோவில் கேட்டுக்கொள்ளலாம் என்பது சரிதான், அதில் முக்கால்வாசியை வீட்டிலிருந்தே கேட்கலாம். ஆனால் செய்முறை வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பலூன் கழுத்தை எந்த விரலில் சுற்றி முடிச்சுப் போடுகிறார், எல்லாவற்றையும் ஒரே அளவில் ஊத எதை வைத்துப் பார்க்கிறார் (அட்டைப் பெட்டியில் வட்டமாக ஓர் ஓட்டை வெட்டி அதில் பலூனை நுழைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் கருவி) என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கண்ணில் படும்.

உடை பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க நிற்கவும் நடக்கவும் வேண்டியிருக்கும், காலுக்குப் பழகிய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். கார்டு ஐம்பது போதும். பின்பக்கத்தைப் பளபளப்பு இல்லாமல் வெள்ளையாக விடச் சொல்லுங்கள், வாங்குகிறவர் உங்களை எங்கே பார்த்தோம் என்று பேனாவால் குறித்துக்கொள்ள முடியும். கம்பெனிக்காரர்கள் தாங்களே கூப்பிட்டுப் பேசுவார்கள், அதற்குத்தான் ஸ்டால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பை நிறைய சாம்பிள் தருவார்கள், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பற்றி எழுதும்போது இலவசமாகக் கிடைத்தது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009இலேயே உங்களைப் போல் எழுதுகிறவர்களையும் சேர்த்து இதற்கான வழிகாட்டுதலைத் திருத்தியது. அப்படி ஒன்று இல்லாத இடத்திலும் நீங்கள் சொன்னதை நம்பித்தான் ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார்.

அப்புறம் அந்த ‘வெறும் பலூன்’. அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. 1824இல் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி ஹைட்ரஜனை அடைத்துப் பார்ப்பதற்காக இரண்டு ரப்பர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தை அழுத்தி ஒட்டினார், உள்ளே ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். அப்படி ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருள் ரப்பர் பலூன். அதை ஊதிக் கட்டுகிறவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! 11 அங்குல பலூனில் அடைத்த ஹீலியம் அரை நாள் தாண்டினாலே தொய்ய ஆரம்பிக்கும், அதனால் முந்தின நாளே ஊதி வைக்க முடியாது. வெளியே வெயிலில் கட்டினால் கொஞ்ச நேரத்தில் பளபளப்பு போய் வெல்வெட் துணி மாதிரி மங்கிவிடும். இதையெல்லாம் கணக்குப் போட்டு விடிகாலையில் எழுந்து வேலையை ஆரம்பிக்கிற நீங்கள் உங்களை ‘வெறும்’ என்று எழுதினால், உங்களுக்குக் கூலி பேசுகிறவரும் அதே சொல்லைத்தான் சொல்வார். இனி அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

சரி, போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த வரியால்தான். ‘பிரிக்கிற வேலையை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்.’

போன வாரம் தெரிந்தவர் வீட்டில் ஒரு பிறந்தநாள். அலங்காரம் செய்தவர் மாலையிலேயே படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விழா முடிந்ததும் பெரியவர்கள் பாத்திரம் ஒதுக்குவதில் இருந்தார்கள், பிள்ளைகள் பலூன் வளைவான ஆர்ச்சைப் பிடித்து இழுத்து, மிதித்து, பட் பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்தான். நடக்கக்கூடத் தொடங்காத ஒரு குழந்தை சோபாவுக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து வாயில் வைத்தது. நான் பக்கத்தில் இருந்தேன். விரலை விட்டு எடுத்தால், என் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நீல ரப்பர்த் துண்டு, எச்சிலில் நனைந்து வழவழவென்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பலூன் பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒன்று போட்டிருப்பார்கள், படித்திருக்கிறீர்களா? ஊதாத பலூனாலும் வெடித்த பலூன் துண்டாலும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சடைக்கலாம் என்ற எச்சரிக்கை அது. காசோ பாசிமணியோ தொண்டையில் சிக்கினால் அதன் வடிவம் மாறாது. ரப்பர்த் தோல் தொண்டையின் வடிவத்துக்கே வளைந்து ஒட்டி மூடிக்கொள்ளும், அதுதான் அதன் ஆபத்து. உங்கள் தொழிலே பிள்ளைகள் கூடும் இடத்தில்தான். இருநூறு பலூனைக் கட்டி வைத்துவிட்டு அது துண்டாகிற நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை என்றால், அந்த வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறீர்கள், அதுவும் எளிதான பாதியை. வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள். அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு எத்தனை பலூன் கட்டினீர்கள் என்றே தெரியாது, எத்தனை துண்டு பொறுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படிப்பட்ட ஒரு கருத்தரங்குதான். பல வருடம் முன்பு நான் போன முதல் கருத்தரங்கு. உங்களைப் போலவே யாரிடமும் பேசாமல் மூன்று நாளும் ஓரத்தில் நின்றேன். கடைசி நாள் மாலை எல்லோரும் நுழைவாயில் ஆர்ச்சின் முன்னால் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு வண்டி வர நேரம் இருந்தது, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வயதான ஒரு பெண்மணி வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த ஆர்ச்சைப் பிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து அறையில் இன்னும் ஓர் உரை நடந்துகொண்டிருந்தது, ஆனால் அவர் கையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. முடிச்சை ஒட்டிக் கழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, கத்தரியின் நுனியால் சின்னதாக ஒரு வெட்டு. உஸ்ஸென்று மெதுவாகக் காற்று இறங்கி, பலூன் அவர் மடியில் சுருங்கிப் படுத்துக்கொள்ளும். வெடிக்கவில்லை என்றால் துண்டு சிதறாது, முழுத் தோலும் கையிலேயே இருக்கும்.

அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு கத்தரியை என்னிடம் நீட்டினார், நானும் கீழே உட்கார்ந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இரண்டு பலூனை ஒரு ஜோடியாக முடிந்து, இரண்டு ஜோடியைக் குறுக்காக முறுக்கி நான்காக்கித்தான் ஆர்ச் கட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அந்த முறுக்கை அவிழ்க்கவே இல்லை. நான்கின் காற்றையும் இறக்கிவிட்டு, நான்கு தோலையும் பூங்கொத்து மாதிரி ஒரே கொத்தாகப் பையில் போட்டார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். கட்டும்போது அறுபது நான்குகள் என்றால் பைக்குள்ளும் அறுபது கொத்து. கடைசியில் ஒன்று குறைந்தது. நான் விட்டுவிடலாம் என்றேன். அவர் எழுந்து போய், கதவுக்குப் பின்னால், மேசை விரிப்புக்கு அடியில் எல்லாம் தேடி, யாரோ ஒரு குழந்தை பிய்த்துக்கொண்டு போய்ப் போட்ட கொத்தை எடுத்துக்கொண்டுதான் வந்தார். மூன்று நாள் உரைகளில் நான் நோட்டில் எழுதிக்கொண்டது எதுவும் இப்போது நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு நான் கட்டுகிற விதமே மாறிவிட்டது. பிரிக்கப்போவது நான்தான் என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே வேறு மாதிரி முடிச்சுப் போடும். கண்ட இடத்தில் சூடான பசை விடும் குளூ கன் வைக்கத் தோன்றாது. பின்னணித் திரையான பேக்டிராப்பைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் தனி ஸ்டாண்டில் நிற்க வைக்க முடியுமா என்று பார்ப்பீர்கள். டேப்தான் வழி என்றால் நுனியை மடித்துப் பிடி விட்டு ஒட்டுவீர்கள், எடுக்கும்போது வெளிப்பக்கம் இழுக்காமல் சுவரோடு ஒட்டினாற்போலத் திருப்பி மெதுவாக உரிப்பீர்கள். அந்தக் கருத்தரங்குக்கு முன்னால் நான் செய்த ஒரு விழாவில் இரட்டைப் பக்க டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டுப் போய்விட்டேன், உங்களைப் போலவே. மறுவாரம் பாக்கிப் பணம் வாங்கப் போனபோது அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தார். பேக்டிராப் இருந்த சுவரில் ஒரு காலண்டர் புதிதாக மாட்டியிருந்தது. ஃபேன் காற்றில் அது விலகியபோதுதான் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து காரை தெரிவதைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க அப்போது வாய் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பிரிக்கவும் இருக்க வேண்டும் என்றால் இரவு வரை நிற்க வேண்டும், அதற்கு யார் காசு தருவார் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்டால்தான் தருவார்கள். டிஸ்மேண்டிலுக்கு, அதாவது பிரிப்பதற்கு, இரண்டு பேர், ஒரு மணி நேரம் என்று விலைப்பட்டியலில் தனி வரியாகவே போடுங்கள். மண்டபம் ஆறு மணி நேரத்துக்கு என்றால் கட்டுவதும் பிரிப்பதும் அதற்குள் அடக்கமா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கருத்தரங்கில் விலை நிர்ணயம் பற்றி ஒரு வகுப்பு கட்டாயம் இருக்கும், அங்கே எழுந்து இதைக் கேளுங்கள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஃபோட்டோ வகுப்பு வேண்டாம், பலூன் வகுப்புக்கே போங்கள். உங்கள் படங்களைப் பார்த்தேன், வெளிச்சம் உங்களுக்கு நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. ஒரு படத்தில்கூட அந்தப் பிறந்தநாள் குழந்தை இல்லை. நீங்கள் அந்த முகத்தைப் பார்க்காமலேயே கிளம்பிவிடுகிறீர்கள் என்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

யாரிடமும் பேச வராது என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை, பேச வேண்டாம். மூன்றாம் நாள் மாலைக்குத் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள், மறுநாள் காலைக்கு எடுங்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு பிரிக்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூர் நுனியுள்ள சின்னக் கத்தரி ஒன்றை எடுத்துப் போங்கள். விமானத்தில் போவதானால் அதைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துக்கொண்டுவிடக்கூடும். பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

அன்புடன்,
அக்கா