எலிக்குக் குடல்வால் கிடையாது

கேள்வி: கொழுந்தனாருக்கு வயிறு மாசக்கணக்கில் உப்பிக்கொண்டே வந்தது. தொப்பை என்று கேலி பேசினோம். ஸ்கேன் எடுத்தால் குடல்வாலில் தொடங்கிய அபூர்வப் புற்றுநோயாம், சூடோமிக்ஸோமா. அடுத்த வாரம் ஆபரேஷன். எடுக்கிற கட்டியில் கொஞ்சம் எலிக்கு வைத்து ஆராய்ச்சி செய்யக் கையெழுத்து கேட்கிறார்கள். எலியை வைத்து மனுஷ நோயைக் கண்டுபிடிக்க முடியுமா? எலி பாவமில்லையா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: நான் மாட்டு டாக்டர் அம்மா. ஆனால் கடைசிப் பதினொரு வருஷம் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளோடுதான் குப்பை கொட்டினேன். அதனால் எலி பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் சங்கடம், எலிக்குக் குடல்வாலே கிடையாது. இந்த நோய் அதற்குத் தானாக வராது. நாம்தான் வைக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்க்கலாமே என்றால், கட்டியில் பெரும்பகுதி நுங்குபோல வழவழவென்ற கோழை. உயிரணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதுவும் ஆமை வேகத்தில். தட்டில் லேசில் பிடிக்காது.

பண்ருட்டிக்காரருக்கு ஒட்டுக்கன்று பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் ஒட்டுதான். சாதாரண எலி மனுஷக் கட்டியை விரட்டிவிடும். 1962இல் கிளாஸ்கோவில் கண்ணில் பட்ட மயிரில்லாத சுண்டெலிக்குத் எதிர்ப்புச் சக்தி அணுக்களை வளர்க்கும் தைமஸ் சுரப்பி சரியாக வளராது, அதனால் விரட்டும் சக்தி போதாது. 1969இல் டென்மார்க்கில் அதன் உடம்பில் மனுஷக் கட்டியை வளர்த்துக் காட்டினார்கள். கட்டியின் அந்தக் கோழையை இந்த எலியின் வயிற்றுக்குள் செலுத்திக் காத்திருப்பார்கள். பிடித்தால், அதிலிருந்து எடுத்து அடுத்த எலிக்கு. இப்படிக் கட்டியை உயிரோடு வைத்திருந்தால்தான் மருந்தைப் போட்டுப் பார்க்க முடியும். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளை மட்டும் இந்த எலியிடம் சோதித்துப் பிரயோஜனமில்லை.

பாவம்தான். நோய் கண்ட எலி எடை குறையும் என்று தராசைப் பார்த்தே பழகியவன் நான். வயிற்றுக்கட்டி எலிக்கு எடை ஏறும்! தேறிவிட்டது என்று முதலில் ஏமாந்தேன். பிறகு தினமும் கையிலெடுத்து, கட்டைவிரலால் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். முதுகெலும்பு துருத்தி, வயிறு தண்ணீர்ப் பைபோல இறுகினால் அதற்குமேல் விடுவதில்லை, மயக்கம் கொடுத்து முடித்துவிடுவோம். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியில்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது.

வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருகிற நோய். கட்டி கிடைப்பதே அபூர்வம். எப்படியும் வெட்டி எடுக்கப்போவதுதான். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் கையெழுத்து கொழுந்தனாருடையது, உங்களுடையது அல்ல. மாட்டேன் என்றாலும் வைத்தியம் குறையாது என்பதை அவர் காதில் போட்டுவிடுங்கள்.