எறிகிற பையன்

கேள்வி: 1968-ல் வெளிவந்த ‘கியோஜின் நோ ஹோஷி’ என்ற ஜப்பானிய பேஸ்பால் அனிமே தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். அதில் வரும் ஹியூமா மாதிரி பந்து எறியும் திறமை உள்ள பையன் நிஜத்தில் இருக்க முடியுமா? இப்படி ஒரு கதாநாயகன் நமக்கு ஏன் கிடைக்கவில்லை?
– பெயர் வேண்டாம் என்று சொன்ன வாசகர், விருதுநகர்

பதில்: 182 எபிசோடையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பெயர் மட்டும் வேண்டாம் என்கிறீர்கள். வீட்டில் தெரியக் கூடாது போலிருக்கிறது. சரி, மறைத்துவிட்டேன்.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ‘எறியும்’. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆள் யாரும் அதைப் பாராட்டாக எழுத மாட்டார். பத்திரிகையில் ‘வீசினார்’, தெருவில் ‘போட்டான்’. ‘எறியுறான்டா’ என்று எவனாவது சொன்னால் அடுத்த நிமிடம் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு சண்டை. வேல் எறிந்த காலத்தோடு அந்தச் சொல்லின் மரியாதை போய்விட்டது. இப்போது கல்லையும் குப்பையையும்தான் எறிகிறோம்.

எனக்கு இதில் சொந்தக் காயம் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பில், பக்கத்துப் பள்ளியோடு ஒரு மேட்ச். நடுவராக நின்ற பி.டி. மாஸ்டர் என் மூன்றாவது பந்திலேயே “தம்பி, நீ எறியிற” என்று சொல்லிப் பந்தை வாங்கி, தன் வகுப்புப் பையனிடம் கொடுத்துவிட்டார். முழங்கை மடங்குகிறதாம். அவர் நின்ற இடத்திலிருந்து என் முழங்கை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. நடுவில் என் ஷார்ட் லெக் நின்றுகொண்டிருந்தான். அவனும் குண்டு.

அதனால்தான் 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் முரளிதரன் மூன்று ஓவர் போட்டு முடிப்பதற்குள் நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோபால் என்று கையை நீட்டியபோது, எனக்கு இங்கே கை வலித்தது. முரளியின் கை பிறவியிலேயே முழுதாக நீளாது. பிற்பாடு கேமராவையும் கருவியையும் வைத்து ஆராய்ந்து பார்த்தால், அநேகமாக எல்லோருடைய முழங்கையும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. 15 டிகிரி வரை பரவாயில்லை என்று 2005-ல் எல்லோருக்கும் பொதுவாக விதி போட்டார்கள். முரளி 800 விக்கெட்டோடு வீட்டுக்குப் போனார். இதை நான் எழுதும் ஒவ்வொரு முறையும் ஆஸ்திரேலிய ஆதரவாளர்கள் பத்துப் பேர் கடிதம் போடுகிறார்கள். போடுங்கள். தபால் துறையும் பிழைக்க வேண்டாமா?

பேஸ்பாலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எறிவதுதான் வேலை. முழங்கை எத்தனை டிகிரி என்று கேட்க ஆளில்லை. (‘பேஸ்பால்’ என்று நான் எழுதியதை நம் மெய்ப்புப் பார்ப்பவர் ‘அடிபந்தாட்டம்’ என்று திருத்தியிருந்தார். நான் மறுபடி அடித்து எழுதினேன். அவர் மறுபடி திருத்தினார். இப்போது எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால் அன்றைக்கு அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று தெரியும்.) மொழிபெயர்ப்பதில் எனக்குக் கோபம் இல்லை. ஜப்பான்காரர்களும்தான் செய்தார்கள். பேஸ்பாலுக்கு அவர்கள் சொல் ‘யாக்யூ’, அதாவது வெளியில் ஆடும் பந்து. ஹைக்கூ கவிஞர் மசாவோகா ஷிகி 1896-ல் ஒரு நாளிதழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியபோது அடிப்பவன், ஓடுபவன் என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் மொழியில் பெயர் வைத்தார். அவற்றில் பல இன்றும் அங்கே வாயில் புழங்குகின்றன. காரணம் சாதாரணம். மனிதர் பந்து பொறுக்கி ஆடியவர், எறிகிற பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் குனிந்து நின்றவர். நம்மூரில் பெயர் வைப்பவர் மைதானத்துப் பக்கமே போவதில்லை. மெய்ப்புப் பார்ப்பவரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு பந்து பிடியுங்கள். அப்புறம் நீங்கள் சொல்கிற பெயரையே போடுகிறேன்.

ஹியூமாவுக்கு வருவோம். பார்க்காதவர்களுக்காகக் கதை இரண்டு வரியில்: ஹோஷி இத்தெட்சு என்று ஒரு அப்பா. ஜயன்ட்ஸ் என்ற பேஸ்பால் அணியில் ஆடியவர், போரில் தோள் போயிற்று, இப்போது கூலி வேலை, ராத்திரியானால் குடி. தான் தொட முடியாத உயரத்தை மகன் தொட வேண்டும் என்று வானத்து நட்சத்திரத்தைக் காட்டி வளர்க்கிறார். கஜிவாரா இக்கி கதை எழுதி, கவாசாக்கி நொபொரு படம் போட்டு 1966-ல் வாரப் பத்திரிகையில் ஆரம்பித்த மங்கா, அதாவது படக்கதை, அது. நிஜ ஜயன்ட்ஸ் 1965-லிருந்து 1973 வரை தொடர்ந்து ஒன்பது வருடம் ஜப்பான் சாம்பியன். அந்த ஓட்டத்தின் நடுவில் தொடர் வந்தால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

திறமை என்கிறீர்களே, அதை முதலில் காட்டும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒண்டுக்குடித்தன வீடு. சுவரில் ஒரு பந்து நுழையும் அளவுக்கு ஓட்டை. பொடியன் உள்ளே உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாக எறிகிறான். பந்து வெளியே மரத்தில் பட்டு, அதே ஓட்டை வழியாகத் திரும்பி வருகிறது. மறுபடி எறிகிறான். மறுபடி வருகிறது. என் வீட்டில் ஓட்டை மட்டும் இருந்தது, அது கூரையில்.

ஆனால் அந்தப் பையனை நீங்கள் பிறவி மேதை என்று நினைத்திருந்தால், மேல்சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று இன்னொரு தரம் பாருங்கள். இரண்டு கைகளையும் மார்பையும் சேர்த்து இழுக்கும் இரும்பு ஸ்பிரிங் கவசம். அதை மாட்டிக்கொண்டேதான் சாப்பிட வேண்டும். குச்சியை வாய்வரை கொண்டுபோவதற்குள் கை வெடவெடவென்று நடுங்கும். ஸ்பிரிங் சுருங்கும்போது தோலைக் கவ்வாதா என்பது 50 வருடமாக யாரும் தீர்க்காத சந்தேகம். போதாக்குறைக்கு அவன் பிறப்பில் வலது கைக்காரன். அப்பாதான் இடது கைக்கு மாற்றுகிறார். நம் வீடுகளில் இடது கையால் எழுதினால் மொளியில் அடி விழும், அங்கே நேர்மாறு. மொத்தத்தில் எந்தக் கையோடு பிறந்தாலும் அது அப்பாவுக்குப் பிடிக்காது.

‘நமக்கு ஏன் கிடைக்கவில்லை’ என்கிறீர்கள். கிடைத்தான் ஐயா, நீங்கள்தான் கவனிக்கவில்லை. 2012 டிசம்பரில் கலர்ஸ் சேனலில் ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’ என்று வந்தது இதே கதைதான். ஜப்பான்காரர்களும் நம் நாட்டுக்காரர்களும் சேர்ந்து செய்தது. டோக்கியோ மும்பை ஆயிற்று, பேஸ்பால் கிரிக்கெட் ஆயிற்று, எறிகிற பையன் வீசுகிற பையன் ஆனான். ஸ்பிரிங் கவசம் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதாகத் தெரியும் என்று அதையும் மாற்றினார்கள். எதற்கு மாற்றினார்கள் தெரியுமா? சைக்கிள் டியூபுக்கு.

இதைப் படித்த அன்று நான் சாப்பிடாமல் சிரித்தேன். மாற்றியவர் யாராக இருந்தாலும் நம்மூர் தெரிந்தவர். சைக்கிள் டியூப் செய்யாத வேலை இந்த நாட்டில் உண்டா? கேரியரில் அரிசி மூட்டை கட்ட, கவட்டைக்கு ரப்பர் இழுக்க, கிணற்று வாளியின் பிடி சுற்ற, கசியும் குழாய்க்குப் பட்டி போட. எங்கள் தெருவில் பந்தே டியூபில்தான். பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட டியூபைக் கெஞ்சி வாங்கி, வளையல் வளையலாக வெட்டி, நடுவில் காகித உருண்டை வைத்து ஒவ்வொரு வளையமாக இழுத்து மாட்ட வேண்டும். முப்பது வளையம் போனால் பந்துக்கு உயிர் வரும். நனைந்தால் கனம் இரட்டிப்பு. தொடையில் பட்டால் வட்டமாகச் சிவந்து, ராத்திரி வரை டியூப் வாசம் போகாது. அந்தப் பந்தை எறிந்தாலும் வீசினாலும் யாரும் டிகிரி அளக்கவில்லை. இரும்பு ஸ்பிரிங் கொடுமை, டியூப் கொடுமை இல்லை என்று முடிவு செய்தவர் மட்டும் எங்கள் பஞ்சர் கடைக்காரரிடம் அடி வாங்கியதில்லை.

இன்னொன்று. இத்தெட்சு என்றாலே ஜப்பானில் சாப்பாட்டு மேஜையைக் கவிழ்ப்பவர் என்றுதான் ஞாபகம். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குட்டை மேஜை, சோறும் குழம்புமாகப் பறக்கும். கதையில் அது நடப்பது ஒரே ஒரு தடவை. ஆனால் தொடரின் முடிவுப் பாடலில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியதில், மனுஷன் தினமும் கவிழ்த்தார் என்று பெயர் வாங்கிவிட்டார். அரசியலில் இருப்பவர்களுக்கு இந்த வலி புரியும். 2009-ல் டைட்டோ நிறுவனம் அங்கே ஒரு ஆர்கேட் விளையாட்டே கொண்டுவந்தது. காசு போட்டு, எதிரில் இருக்கும் பிளாஸ்டிக் மேஜையைக் குத்திக் குத்திக் கோபம் ஏற்றி, கடைசியில் ஒரே தூக்காகக் கவிழ்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு ஒன்று வாங்கலாம் என்று கேட்டிருக்கிறேன். நிர்வாகம் யோசிக்கிறது.

சரி, அப்படி ஒருவன் நிஜத்தில் உண்டா? ஹியூமா கதையில் என்ன ஆகிறான் என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்கிறேன். ஆள் சின்ன உடம்பு, அதனால் பந்தில் கனம் இல்லை. பட்டால் வெளியே பறக்கிறது. அதைச் சரிக்கட்ட ஒவ்வொன்றாக மாயப் பந்து கண்டுபிடிக்கிறான். முதலாவது, குறி பார்த்து எதிராளியின் மட்டையிலேயே படுகிற பந்து. (எங்கள் தெருவில் அதன் பெயர் லட்டு.) இரண்டாவது மறைந்து போகும் பந்து. மூன்றாவது மெதுவாக மிதந்து, மட்டை சுழலும் காற்றிலேயே விலகிப் போகும் பந்து. அந்த மூன்றாவதுதான் இடது கையைத் தின்றுவிடுகிறது. கடைசி ஆட்டத்தில், எதிரணியின் பெஞ்சில் பயிற்சியாளராக உட்கார்ந்திருப்பவர் யார்? அதே அப்பா.

இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோஷியென் போட்டியில் 2013 வசந்தத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் ஐந்து ஆட்டங்களில் 772 பந்து எறிந்தான். ஒருவர் வாரத்துக்கு 500-க்கு மேல் எறியக் கூடாது என்று விதி வந்தது 2020-ல்தான்.

உங்களுக்கு நான் காட்ட நினைக்கும் பையன் சசாக்கி ரோக்கி. பள்ளியில் படிக்கும்போதே 163 கிலோமீட்டர் வேகம். 2019 ஜூலை 21-ல் ஒரே ஆட்டத்தில் 194 பந்து, 24-ல் அரையிறுதியில் 129. மறுநாள் இவாத்தே மாகாண இறுதியாட்டம், ஜெயித்தால் கோஷியென். பயிற்சியாளர் அவனை இறக்கவே இல்லை. பள்ளி 2–12 என்று தோற்றது. ஊரே பள்ளிக்குப் போன் போட்டுத் திட்டியது. 2022 ஏப்ரல் 10-ல், 20 வயதில், அதே பையன் சிபா லோட்டே என்ற தொழில்முறை அணிக்காக ஒருவரைக்கூட பேஸ் (ஓட்டம் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்) தொட விடாமல் 27 பேரையும் வீட்டுக்கு அனுப்பினான். அதில் தொடர்ச்சியாக 13 பேர் ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். அடுத்த ஞாயிறும் ஒன்பது இன்னிங்ஸில் எட்டு முடியும் வரை ஒருவரும் பேஸ் தொடவில்லை. 102 பந்து ஆகியிருந்தது, போதும் என்று மேனேஜர் உட்கார வைத்துவிட்டார். அணி கூடுதலாக ஆடிய பத்தாவது இன்னிங்ஸில் 0–1 என்று தோற்றது. இத்தெட்சு மட்டும் அங்கே இருந்திருந்தால் பெஞ்சே கவிழ்ந்திருக்கும்.